உருளைக்கிழங்கை எப்போது தோண்டலாம்: பூவா, நாள் கணக்கா, காய்ந்த தழையா?

"பூ விட்டாச்சு, தோண்டலாமா?" வீட்டில் உருளைக்கிழங்கு போட்டவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இந்த வாரமே சமைக்கவா, மாதக்கணக்கில் வைத்திருந்து எடுக்கவா என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டுக்கும் நேரம் வேறு.

பூவை வைத்துப் பார்ப்பது இளங்கிழங்குக்குச் சரி. பெரும்பாலான செடிகளில் பூ விடும் சமயத்தை ஒட்டித்தான் கிழங்கு பருக்க ஆரம்பிக்கிறது. பூத்து இரண்டு மூன்று வாரம் கழித்து மண்ணுக்குள் கைவிட்டால் கோழிமுட்டை அளவில் கிடைக்கும். மாவுச்சத்து குறைவு, ஈரம் அதிகம். வேகவைத்தால் உடையாது, லேசாக இனிக்கும். ஆனால் தோல் காகிதம் மாதிரி இருக்கும், கழுவும்போதே உரிந்துவிடும். சில நாளில் சாப்பிட்டுவிட வேண்டும். இன்னொரு சிக்கல், சில ரகங்கள் பூக்கவே பூக்காது. சிலவற்றில் மொட்டிலேயே உதிர்ந்துவிடும். பூவுக்காகவே காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

நாள் கணக்கு? குறுகிய கால ரகத்துக்கு 70 முதல் 90 நாள், நீண்ட கால ரகத்துக்கு 100 முதல் 120 நாளுக்கு மேல். முளைவிட்ட கிழங்கை நட்டோமா, வெயில் எப்படி, தண்ணீர் எப்படி என்பதைப் பொறுத்து இது முன்னே பின்னே போகும். நட்ட தேதியை எழுதி வையுங்கள், அது போதும். தேதியை மட்டும் நம்பித் தோண்டாதீர்கள்.

சேமித்து வைக்க நான் நம்புவது தழையைத்தான். இலை மஞ்சளாகி, தண்டு சாய்ந்து காயும்போது செடி தன்னிடம் இருப்பதைக் கிழங்குக்கு இறக்கிக்கொண்டிருக்கிறது. தழை பச்சையாக இருக்கும்போதே அவசரப்பட்டால் கடைசி சில வாரத்துப் பருமன் போய்விடும். மஞ்சள் தட்டியதும் தண்ணீரை நிறுத்துங்கள். ஈரம் தேங்கினால் தோலில் வெள்ளை வெள்ளையாகப் பொரி கிளம்பும், அப்புறம் அழுகல் சுலபமாக ஏறும்.

தழை முழுக்கக் காய்ந்த அன்றே தோண்டவும் கூடாது. இன்னும் இரண்டு வாரம் மண்ணுக்குள் இருந்தால்தான் தோல் கெட்டிப்படும். ஓரத்துச் செடியில் ஒரு கிழங்கை எடுத்து, மண்ணைத் துடைத்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் சுருண்டு நகர்ந்து, அடியில் வெளிர் சதை தெரிந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். விரல்தான் வலிக்கிறது, தோல் அசையவில்லை என்றால் தயார். பூவும் தேதியும் என்ன சொன்னாலும், எனக்கு இந்தக் கட்டைவிரல் சோதனைதான் கடைசித் தீர்ப்பு.

தழை தானாகக் காயும்வரை விடுவதா, நாமே அறுத்துவிடுவதா? செடி நலமாக இருந்தால் விடுங்கள். இலையில் கருகல் நோய் பரவ ஆரம்பித்துவிட்டால் யோசிக்காமல் தரையோடு அறுத்து அப்புறப்படுத்துங்கள். இல்லையென்றால் நோய் வித்துகள் மழையோடு கிழங்குக்கு இறங்கும். அதன்பிறகும் இரண்டு வாரம் பொறுத்தே தோண்ட வேண்டும்.

பொறுமையும் எல்லை தாண்டக் கூடாது. தொடர் மழையோ உறைபனியோ வருகிறது என்றால் தோல் கொஞ்சம் மெலிதாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நனைந்த மண்ணில் நத்தை கடிக்கும், கிழங்கு அழுகும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. பூத்து மூன்று வாரத்தில் செடியின் ஒரு பக்கத்து மண்ணை விரலால் விலக்கி, இரண்டு மூன்று கிழங்கு மட்டும் எடுத்துவிட்டு மூடிவிடுவேன். மற்றவை தழை காயும்வரை இருக்கும். மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பையான குரோ பேக்கில் இது இன்னும் எளிது.

மொத்தமாக எடுக்கும்போது மண் காய்ந்த நாளாகப் பாருங்கள். தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் குத்தி, அடியிலிருந்து கிளப்புங்கள். கழுவாமல், இருட்டான காற்றோட்டமான இடத்தில், முடிந்தால் 10 முதல் 15 டிகிரி செல்சியஸில், பத்துப் பதினைந்து நாள் பரப்பி வைத்தால் சிறு காயங்கள் ஆறிவிடும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். கூடவே சொலானின் என்ற நச்சும் ஏறும். நன்றாகப் பச்சை கட்டியதை வீசிவிடுங்கள். மண்வெட்டி ஆழமாகப் பட்டதைச் சேமிப்பில் சேர்க்காமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.