செலிபரேட் ரிகவரி: மனக்காயத்தோடு வருபவர்களுக்கான கூடுகை

கலிஃபோர்னியாவின் சாடில்பேக் திருச்சபையில், குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட ஜான் பேக்கர் 1991-இல் தொடங்கிய இந்த மீட்புத் திட்டம், இயேசுவின் மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களை ஒட்டிய 8 கோட்பாடுகளையும் குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வழிவந்த 12 படிகளையும் இணைத்து, குடிக்கு மட்டுமன்றிக் கோபத்துக்கும் ஆறாத மனக்காயங்களுக்கும் இடமளிக்கிறது.

இதன் உயிர்நாடி, ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமரும் சிறு குழுக்கள்தாம். ஒருவர் 3 முதல் 5 நிமிடம் தம் பாரத்தை இறக்கி வைக்கலாம். மற்றவர்கள் குறுக்கே பேசவோ, புத்திமதி சொல்லவோ, கேட்டதை வெளியே கொண்டுபோகவோ கூடாது. (நம் ஜெபக்கூட்டங்களில் இதைக் கடைப்பிடிப்பது எத்தனை பேருக்குக் கைகூடும் என்று தெரியவில்லை.) ‘துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்’ என்ற வசனத்துக்கு அந்த மௌனமே நல்ல விளக்கவுரை என்பேன்.

குழுவை நடத்துபவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஆகவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் அதை நிறுத்திவிட்டு இதில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.