வி-ரீஸ்கேல் தெர்மோஸ்டாட்: கோர்களைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்ததில்

அணுக்களின் அசைவைக் கணினியில் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும் குரோமாக்ஸ் மென்பொருளில், வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட்டாக வி-ரீஸ்கேலைத் தவிர வேறெதையும் இப்போதெல்லாம் நான் தொடுவதே இல்லை. ஆனால் வி-ரீஸ்கேலுக்கு மாறியதால் மட்டும் வேகம் வந்துவிடவில்லை, சில எண்களை மாற்றிய பிறகுதான் வந்தது.

ரொம்ப நாள் நோசே-ஹூவர் என்ற இன்னொரு தெர்மோஸ்டாட்தான் ஓட்டினேன். கோர்களை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனதில், ஒரு கட்டத்துக்கு மேல் நாளொன்றுக்குக் கிடைக்கும் சிமுலேஷன் நானோசெகண்ட் ஏறவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. தூரத்து மின்விசையைக் கணக்கிடும் பிஎம்இ மேல்தான் சந்தேகம் (எல்லாரும் முதலில் திட்டுவது அதைத்தானே). அப்புறம் லாக் கோப்பின் கடைசியில் வரும் நேரக் கணக்கைப் பார்த்தால், அதுவரை நான் கண்டுகொள்ளாத 'காம். எனர்ஜீஸ்' (ஆற்றல்களைக் கூட்டுவதற்கான தகவல் பரிமாற்றம்) என்ற வரி வீங்கிக் கிடந்தது. யாரைக் குறை சொல்ல? என்எஸ்டிடிகப்பிளை, அதாவது எத்தனை படிக்கு ஒருமுறை தெர்மோஸ்டாட் வேலை செய்யும் என்ற எண்ணை, 1 என்று வைத்திருந்தது நான்தான், ஏதோ பழைய கோப்பிலிருந்து காப்பி அடித்தது.

தெர்மோஸ்டாட்டின் கணக்கு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வெப்பநிலை தெரிய மொத்த இயக்க ஆற்றல் வேண்டும், அதுவோ எல்லா ரேங்குகளிலும் (வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் தனித்தனி புராசஸ்கள்) சிதறிக் கிடக்கிறது, எம்பிஐ ஆல்ரெட்யூஸ் (எல்லா ரேங்கின் எண்ணையும் கூட்டி எல்லாவற்றுக்கும் தரும் அழைப்பு) போட்டுத்தான் கூட்ட வேண்டும். போய்வருவது சில பைட்டுகள்தான், ஆனாலும் கடைசி ரேங்க் வந்து சேரும்வரை மற்றதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இங்கே பேண்ட்வித் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை, லேட்டன்சிதான் (செய்தி போய்ச் சேரும் தாமதம்) எல்லாம். ஒரு படிக்குப் பல மில்லிசெகண்ட் ஆகும்போது இது கண்ணில் படாது, ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கினால்தான் வலிக்கும்.

சரி, இடைவெளியை 10 ஆக்கினால்? 2 ஃபெம்டோசெகண்ட் படியில் 20 ஃபெம்டோசெகண்டுக்கு ஒருமுறை கூட்டினால் போதும். நோசே-ஹூவரில் இதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: டௌ-டி (தெர்மோஸ்டாட்டின் கால அளவு) இந்த இடைவெளியைப் போல 20 மடங்காவது இல்லாவிட்டால், அதாவது இங்கே 0.4 பிகோசெகண்ட் இல்லாவிட்டால், ஓட்டத்துக்கு முன் உள்ளீட்டைச் சரிபார்க்கும் குரோம்ப் நம்மைப் பார்த்து முறைக்கும். வி-ரீஸ்கேலில் அந்தத் தொல்லை இல்லை. 2007-இல் புஸ்ஸி, டொனாடியோ, பரினெல்லோ மூவரும் கொடுத்தது இது. பெரெண்ட்சன் என்ற பழைய தெர்மோஸ்டாட்டைப் போலவே மெதுவாக இழுத்துப் பிடிக்கும், கூடவே ஒரு ரேண்டம் உறுப்பையும் சேர்ப்பதால் ஆற்றலின் ஏற்ற இறக்கம் பெரெண்ட்சனில் போல அமுங்கிப் போகாமல் சரியாக வருகிறது. அந்த ரேண்டம் எண்ணையும் எல்லா ரேங்கும் ஒரே விதையிலிருந்து (தொடக்க எண்) தானே எடுத்துக்கொள்ளலாம், யாரும் யாருக்கும் அனுப்பத் தேவையில்லை.

கூட்டலே வேண்டாம் என்பவர்களுக்கு லாஞ்செவின் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஒவ்வொரு அணுவும் தனக்கான உராய்வையும் ரேண்டம் உதையையும் தானே பார்த்துக்கொள்ளும். விதை, படி எண், அணு எண் மூன்றையும் கொடுத்தால் ரேண்டம் எண்ணைத் தரும் கவுண்டர் வகை ஜெனரேட்டர் இருந்தால், அணு வேறு ரேங்குக்குக் குடிபோனாலும் அதே எண்தான் வரும், இது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஆனால் உராய்வைக் கூட்டினால் டிஃப்யூஷன் மந்தமாகிவிடும், அதை அளப்பதுதான் நோக்கம் என்றால் கிட்டவே போகாதீர்கள். லாம்ப்ஸ் என்ற இன்னொரு சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டுபவர்கள் ஃபிக்ஸ் லாஞ்செவினோடு, அணுக்களை நகர்த்தும் ஃபிக்ஸ் என்விஇ கட்டளையையும் போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அணுக்கள் நகரவே நகராது.

வி-ரீஸ்கேலில் ஒரு எரிச்சல் உண்டு. தெர்மோஸ்டாட் இடைவெளியை மட்டும் கூட்டிவிட்டு என்எஸ்டிகால்க்எனர்ஜியை (எத்தனை படிக்கு ஒருமுறை ஆற்றலைக் கணக்கிடுவது) 1 என்றே விட்டுவைத்தால் கூட்டல் எப்படியும் ஒவ்வொரு படியிலும் நடக்கும், நேரம் ஒன்றும் மிச்சமாகாது. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் பேரோஸ்டாட்டின் இடைவெளியான என்எஸ்டிபிகப்பிளும் அப்படித்தான். மூன்றையும் ஒன்றுக்கொன்று மடங்காக வைத்து ஒரே படியில் விழும்படி செய்த அன்றுதான் அந்த 'காம். எனர்ஜீஸ்' வரி அடங்கியது.