நீலம் பாரித்த பிள்ளைக்கு எந்த ரத்தச் சோதனை?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய ஆய்வகத்தில் பல ஆண்டுகள் ரத்தம் எடுத்தவன் நான். பிறவியிலேயே இதயக் கோளாறுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால், வால்வில் கிருமி தங்கிவிட்டதோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். டாக்டரின் சீட்டில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., சில வேளை புரோகால்சிட்டோனின் என்று எழுதியிருக்கும். மூன்றுமே உடம்பில் அழற்சி, அதாவது தொற்றாலோ காயத்தாலோ வரும் வீக்கமும் கொதிப்பும், இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனைகள்.

இருப்பதில் மலிவு இ.எஸ்.ஆர். குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்ப்பார்கள். அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கூடும்; அணுக்கள் காசு அடுக்கினாற்போல் ஒட்டிக்கொண்டு விரைவாக இறங்கும். ஆனால் உதடும் நகமும் நீலம் பாரித்த பிள்ளையிடம் இந்தக் கணக்கு பலிக்காது. ஆக்ஸிஜன் குறைவை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. ரத்தத்தில் அவற்றின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்த நெரிசலில் இறங்க இடமேது? உடம்பு அனலாகக் கொதிக்கும்போதும் குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான் காட்டும். அதை ‘நார்மல்’ என்று நம்பிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்களை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

சி.ஆர்.பி.க்கு இந்தத் தொல்லை இல்லை. அணுக்களை நீக்கிய சீரத்தில் அளக்கிறோம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்த இந்தப் புரதத்தைக் கல்லீரல் சுரக்கிறது. பாதிப்பு தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறி, இரண்டு நாளில் உச்சம் தொடும். அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 19 மணி நேரம் என்பதால், மருந்து வேலை செய்தால் மளமளவென்று இறங்கிவிடும். குறை ஒன்றுண்டு: திறந்த இதய அறுவைக்குப் பிறகு, கிருமி இல்லாவிட்டாலும் அநேகமாக எல்லோருக்கும் எகிறும். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பதறக் கூடாது. இறங்கிய பிறகு மறுபடி ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அந்தக் குழப்ப நாட்களில் புரோகால்சிட்டோனின் கைகொடுக்கும். அறுவையால் மட்டும் அது அவ்வளவு உயர்வதில்லை. பாக்டீரியா ரத்தத்தில் பரவினால் விரைவாக உயரும். விலைதான் பல மடங்கு. வால்வுத் தொற்றில் சில வேளை வாய் திறக்காமலும் இருந்துவிடும். இன்டர்லூகின்-6 என்று அழற்சியைக் காட்டும் இன்னொரு சோதனையும் உண்டு; அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு அது வீண் செலவு.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், சி.ஆர்.பி.யை ஒரே ஆய்வகத்தில் இரண்டு முறை எடுங்கள் என்பேன். வால்வில் சந்தேகம் என்றால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்து இனம் காணும் சோதனை, எடுத்தாக வேண்டும். அந்த வேலையை இவற்றில் எதுவும் செய்யாது.

‘ஒரே ஆய்வகம்’ என்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே 24 வந்த பிள்ளைக்குப் புதுச்சேரியில் 2.4 வந்தது. பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டதென்று அந்தத் தாய் மாத்திரையையே நிறுத்தியிருந்தார். எங்கள் தாளில் இருந்தது லிட்டருக்கு மில்லிகிராம். அவர்கள் தாளில் டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு. இம்மிகூடக் குறையவில்லை. அன்றிலிருந்து எண்ணுக்குப் பக்கத்தில் அலகைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத்தான் தாளைக் கொடுத்தேன்.