அடியெடுத்துக் கொடுத்த குரல்: பீட் சீகர் பாடல் தொகுப்பு

அமெரிக்க நாட்டார் பாடகரும் சமூகப் போராளியுமான பீட் சீகரின் (1919–2014) நூற்றாண்டையொட்டி ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் இசைப்பதிவு நிறுவனம் 2019-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட தொகுப்பில் 6 குறுவட்டுகளும் 137 பாடல்களும் 200 பக்க நூலொன்றும் உள்ளன; 20 பதிவுகள் அதுவரை வெளிவராதவை. ஒரே மூச்சில் கேட்டு முடிக்கத்தக்கதன்று இது. எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

தொகுப்பின் உயிர் மேடைப் பதிவுகளில் இருக்கிறது. கூட்டம் ஓர் அடியின் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே சீகர் அடுத்த அடியைப் பேச்சுக் குரலில் விரைவாகச் சொல்லிவிடுகிறார்; பாட்டே தெரியாதவரும் அந்த அரை நொடியில் அதைப் பிடித்துக்கொண்டு சேர்ந்துவிடலாம். அடியெடுத்துக் கொடுத்தபின் தம் குரலை அடக்கிக்கொண்டு, கூட்டத்தின் குரலை மேலெழ விடுகிறார். கூடவே வரும் பாஞ்சோ என்னும் தோல்முகத் தந்திக் கருவியும் வழக்கமானதன்று. தம் குரலுக்கேற்பத் தாழ்ந்த சுருதியில் வாசிப்பதற்காகக் கழுத்தை 3 ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த சுரக்கட்டை) அளவு நீட்டி அமைத்துக்கொண்ட கருவி அது. வெறுப்பைச் சூழ்ந்து நின்று சரணடையச் செய்யும் இயந்திரம் இது என்று அதன் தோல்முகத்தில் எழுதி வைத்திருந்தார்.

1950-இல் அவருடைய வீவர்ஸ் பாடகர் குழுவின் ஒரு பாட்டு 13 வாரங்கள் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. இடதுசாரித் தொடர்புக்காகக் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டபின் வானொலியும் தொலைக்காட்சியும் கதவடைத்தன. 1955 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்க விரோத நடவடிக்கைகள் பற்றிய பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டபோது, தம் பாடல்களைப் பற்றிப் பேச ஆயத்தமாக இருந்த அவர், தம் அரசியல் நம்பிக்கைகளைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்துவிட்டார். 1957-இல் அவமதிப்புக் குற்றச்சாட்டு, 1961-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, 1962-இல் மேல்முறையீட்டில் விடுதலை. அந்த ஆண்டுகளில் கல்லூரிகளிலும் முகாம்களிலும் பாடிப் பிழைத்த அவரை விடாமல் பதிவு செய்தவர் ஃபோக்வேஸை நிறுவிய மோசஸ் ஆஷ். சீகர் பாடிய அமெரிக்க நாட்டார் கதைப்பாடல்களை 5 தொகுதிகளாக ஆஷ் வெளியிட்டதும் இதே 1957 முதல் 1962 வரையிலான காலத்தில்தான். தலைக்குமேல் வழக்குத் தொங்கிய காலத்துக் குரல் என்று அறிந்து கேட்டாலும், அதில் கசப்பின் சுவடு கிடைப்பதில்லை. என்னை வியக்க வைத்தது இதுவே.

தனிக்குரல் பதிவுகளை அடுக்காகக் கேட்டால் அலுப்புத் தட்டும். பாஞ்சோவின் விரலோட்டம் ஒன்றுபோலவே ஒலிக்கத் தொடங்குகிறது. தொழிற்சங்கப் பாடல்களுக்குப் பின்னணி தெரியாமல் பொருளே இல்லை. ஆகவே நூலைப் புரட்டியபடியே அவற்றைக் கேட்பது நல்லது. வீவர்ஸ் குழு டெக்கா நிறுவனத்துக்காகச் செய்த பகட்டான வணிகப் பதிவுகளை விரும்புவோர் இதைத் தேடி வர வேண்டியதில்லை. ஹட்சன் ஆற்றின் மாசுக்கெதிராக மக்களைத் திரட்ட அவர் முன்னின்று கட்டுவித்து, 1969-இல் நீரில் இறக்கிய 106 அடி நீளப் பாய்மரக் கப்பலான கிளியர்வாட்டரைப் பற்றித் தனியே படித்துக்கொண்டால், அவருடைய பிற்காலப் பாடல்கள் இன்னும் தெளிவாகும்.

புதிதாகக் கேட்பவர் மேடைப் பதிவுகளிலிருந்து தொடங்கட்டும். பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அவரே சொல்லிக் கொடுத்துவிடுவார்.