போர்ட்டல்: முதல் அரைமணி நேரத்துக்காகவே வாங்கலாம்

வால்வ் நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ‘போர்ட்டல்’ பழைய புதிர் விளையாட்டு. மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற சிறிய விளையாட்டும்கூட. ஆனாலும் ஒரு வீடியோ கேமின் தொடக்கம் எப்படி அமைய வேண்டும் என்று யாராவது கேட்டால், இதன் முதல் அரைமணி நேரத்தைத்தான் விளையாடிப் பார்க்கச் சொல்வேன். எதை எதிர்பார்க்கலாம், எதை நம்பலாம், எதைச் சந்தேகிக்க வேண்டும் என்ற மூன்றையும் அந்த நேரத்துக்குள் அது நம் மனத்தில் பதித்துவிடுகிறது.

கண்ணாடிச் சுவர்கள் கொண்ட ஒரு சிறிய அறையில் நாம் கண்விழிக்கிறோம். ஒரு படுக்கை, ஒரு கழிப்பறைத் தொட்டி, ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும் ஒரு வானொலி. வெளியே செல்லக் கதவு இல்லை. ஒரு பெண்குரல் இயந்திரத்தனமான பணிவோடு நம்மை வரவேற்கிறது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு கடிகாரம் ஒரு நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லாததால், யாராக இருந்தாலும் எழுந்து நடந்து பார்ப்பார்கள், வானொலியைத் தூக்கிப் பார்ப்பார்கள், சுற்றுமுற்றும் திரும்பிப் பார்ப்பார்கள்; நடப்பது, திரும்புவது, எடுப்பது ஆகிய எல்லாவற்றையும் அதற்குள் பழகிக்கொண்டும் விடுவார்கள். வானொலியில் ஒலிப்பது விளையாட்டின் இறுதியில் வரப்போகும் பாடலின் மெட்டு என்பது முடித்தவர்களுக்குத்தான் தெரியும். காவிரிக்கரைக் கோயில்களில் சாமி புறப்படும்போது நாதசுரத்தில் கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கியதுமே, தெருமுனையில் நிற்பவருக்கும் என்ன வரப்போகிறது என்பது தெரிந்துவிடுகிறதே, அந்த வேலையை இந்தச் சின்ன வானொலி நமக்குத் தெரியாமலே செய்து வைக்கிறது.

கடிகாரம் நின்றதும் சுவரில் ஒரு வாசல் திறக்கிறது. அதன் வழியாக, ஆரஞ்சு நிற உடையணிந்த ஒரு பெண் கண்ணாடி அறைக்குள் நிற்பது தெரிகிறது. கும்பகோணத்தில் என் வீட்டுக் கணினியில் இதை விளையாடிய என் தங்கை மகன், “யாரு மாமா அந்தப் பொண்ணு?” என்று கேட்டான், இரண்டடி நகர்ந்தவன், “நான் நகர்ந்தா அவளும் நகர்றா!” என்று கத்தினான். அந்தப் பெண் வேறு யாருமில்லை, விளையாட்டில் நாம் இயக்கும் பாத்திரம்தான். சுவரில் திறக்கும் ஒரு வாசலும் வேறோர் இடத்தில் திறக்கும் மற்றொரு வாசலும் ஒன்றோடொன்று இணைந்தவை என்ற, இந்த விளையாட்டின் ஒரே பெரிய விதியை அவன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான். அதை எழுத்தில் விளக்க முயன்றால் அரைப்பக்கம் ஆகும். படித்தாலும் பாதிப்பேருக்குப் புரியாது.

அவன் அதுவரை விளையாடியவை எல்லாம் கைப்பேசி விளையாட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை திரையில் ஒரு விரலைக் காட்டி ‘இங்கே தொடு’ என்கின்றன, தொட்டதும் நாணயங்களைக் கொட்டுகின்றன. அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பதுதான் விளையாடுவது என்ற பழக்கத்தை முதல் ஐந்து நிமிடத்திலேயே பிள்ளைகளுக்கு ஏற்றிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. போர்ட்டலின் தொடக்கம் ‘உன் கண்ணை நம்பு’ என்ற எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது.

அடுத்து வரும் புதிர் அறைகளின் வரிசையும் மிகுந்த கவனத்தோடு அமைந்திருக்கிறது. முதல் அறையில் ஒரு பெட்டியை ஒரு பெரிய பொத்தானின்மேல் வைத்தால் போதும். இரண்டாவதில் வாசல்கள் தாமாகவே இடம் மாறி மாறித் திறக்கின்றன. நாம் பார்த்துக் காலமறிந்து நுழைய வேண்டும். அதற்கடுத்த அறையில், சுவரில் சுட்டு வாசல் திறக்கும் கருவி ஒரு பீடத்தின்மேல் சுழன்றபடி தானாகச் சுட்டுக்கொண்டிருக்கும். கையில் எடுப்பதற்கு முன்பே அது என்ன செய்யும் என்பது தெரிந்துவிடுகிறது. எடுத்த பிறகும் நீல வாசலை மட்டுமே நம்மால் திறக்க முடியும். ஆரஞ்சு வாசலும் நம் கைக்கு வர 11 என்று எண்ணிடப்பட்ட அறைவரை காத்திருக்க வேண்டும். பாதி அதிகாரத்தோடு இத்தனை அறைகளைக் கடந்தவருக்கு மீதிப்பாதி கிடைக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சியை, தொடக்கத்திலேயே இரண்டையும் கொடுத்திருந்தால் உண்டாக்கியிருக்க முடியாது. நடுவே சில அறைகள் ஒரே கருத்தைத் திரும்பச் சொல்வதால், அனுபவமுள்ளவர்களுக்கு அங்கே சற்று வேகம் குறைந்ததாகத் தோன்றலாம்.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த வரவேற்புக் குரல் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்றைச் சொல்லத் தொடங்கி, முக்கியமான இடத்தில் இரைச்சலோடு அறுந்து, திடீரென ஸ்பானிய மொழிக்கு மாறுகிறது. முதல் அறையின் வாயிலில், அங்குள்ள ஒளித்திரை அரிதாகப் பல்லையே அகற்றிவிடக்கூடும் என்று அதே பணிவோடு அறிவிக்கிறது. மேலே மங்கலான கண்ணாடிச் சன்னல்களுக்குப் பின்னால் நாற்காலிகள் இருக்கின்றன; உட்கார்ந்து பார்ப்பவர் எவரும் இல்லை. இந்தக் குரலை நம்பக்கூடாது என்ற ஐயம் இப்படித்தான் துளித்துளியாக விதைக்கப்படுகிறது. பின்பாதி முழுவதும் அந்த ஐயத்தின்மேல் நிற்கிறது. தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மருமகன் அறைகளை என் உதவியே இல்லாமல் கடந்தான். குரலின் குறும்பும் மிரட்டலும் மட்டும் அவனுக்கு எட்டவில்லை. ஆங்கில வசன வரிகளைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது, தமிழில் இல்லை. ஆகவே ஆங்கிலம் பழகாத பிள்ளைகள் விளையாடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, முதல் அரைமணியிலாவது அந்தக் குரல் சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது நல்லது. காட்சி கற்பிப்பது பாதி எதிர்பார்ப்பைத்தான்; மறுபாதி அந்தப் பேச்சில் இருக்கிறது.

கணினியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 1.7 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 512 எம்பி நினைவகமும் போதும் என்பது நிறுவனமே சொல்லும் குறைந்தபட்ச அளவு; தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத என் பழைய கணினியில் தடையின்றி ஓடியது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடிக் காலத்தில் வாங்கினால் விலையும் மிகக் குறைவு.

டிஜிபென் கல்லூரி மாணவர்கள் செய்த ‘நார்பகுலர் டிராப்’ என்ற சிறு விளையாட்டைப் பார்த்து, கிம் ஸ்விஃப்ட் உள்ளிட்ட அந்தக் குழுவை வால்வ் பணிக்கு எடுத்துக்கொண்டதிலிருந்து பிறந்தது இது. அவர்களுடைய விளக்க உரை விளையாட்டுக்குள்ளேயே ஒலி வடிவில் இருக்கிறது: வெளியாட்களை விளையாடவைத்து, அவர்கள் தடுமாறிய இடங்களைப் பார்த்து அறைகளை எப்படித் திருத்தினார்கள் என்பதை அறைக்கு அறை சொல்கிறார்கள். ஒருமுறை முழுதாக முடித்த பிறகே அதை இயக்குங்கள். முதல் சுற்றில் கேட்டால், நாமே கண்டுபிடிக்க வேண்டியதை அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.