‘வளர்ற புள்ளைதானே’ என்று சொல்லி விற்ற வில்

பள்ளி யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்வோம். ஷூ வாங்கினால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி முனையில் பஞ்சு வைப்போம். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகட்டும் என்கிற கணக்கு. அதே கணக்கைச் சொல்லித்தான் ஒரு கடைக்காரர் என் மகளுக்கு 46,000 ரூபாய்க்கு ஒரு காம்பவுண்ட் வில்லை விற்றார். தீபாவளி போனஸ் மொத்தமும் அதில் போனது. பணம் போனதைவிட, பத்து வயதுப் பிள்ளையின் தோள்பட்டை ஆறு வாரம் பட்ட பாடுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருபது வருஷமாக வேலை செய்கிறவன். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிற தொழில். அப்படிப்பட்டவன் ஏமாந்த கதை என்பதால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆரம்பம் டிவிதான். 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் விஜயவாடாவின் ஜோதி சுரேகா மூன்று தங்கம் வென்றார். அதே வருஷம் பெர்லினில் அதிதி சுவாமி 17 வயதிலேயே உலக சாம்பியன் ஆனார். இருவரும் காம்பவுண்ட் பிரிவு. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த அந்த வில்லை அப்போதே மகள் மனதில் வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் விடாமல் நச்சரித்தாள். சரி என்று ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வெளியூரில் இருக்கும் ஒரு கடைக்குப் போனோம். முதலில் ஒரு பயிற்சியாளரைப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போயிருக்க வேண்டும். நாங்கள் தலைகீழாகப் போனோம்.

கடைக்காரர் இனிமையாகப் பேசினார். “2028 ஒலிம்பிக்ல காம்பவுண்ட் மிக்ஸட் டீம் வருது சார், பாப்பா இப்ப ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும்” என்றார். லாஸ் ஏஞ்சலஸில் அந்தப் போட்டி சேர்க்கப்பட்டிருப்பது உண்மைதான். “போட்டியில 60 பவுண்டு வரைக்கும் விடுவாங்க, நம்ம பாப்பாவுக்கு 25 பவுண்டுக்கு இறக்கித் தர்றேன்.” பவுண்டு என்பது நாணை இழுக்கத் தேவைப்படும் எடை. 60 என்பது பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. அதுவும் உண்மைதான். அந்த ஆள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மையாக இருந்ததுதான் சிக்கல்.

குழந்தைக்கென்றே வரும் சின்ன வில் ஒன்று ஓரத்தில் தொங்கியது. அதைக் கேட்டேன். “அது பொம்மை மாதிரி சார். ஆறு மாசத்துல தூக்கிப் போட்டுட்டு மறுபடி என்கிட்டத்தான் வருவீங்க. வளர்ற புள்ளைதானே, கொஞ்சம் பெருசா வாங்கிடுங்க.” யூனிஃபார்ம் கணக்கு என் தலையில் ஓடியது. நானே என்னை ஏமாற்றிக்கொண்ட இடம் அது.

வில்லின் வளைகிற இரண்டு கைகளுக்கு லிம்ப் என்று பெயர். பிறகு ஆலன் கீயை எடுத்து, எடையைக் குறைக்க, மேலும் கீழும் இருந்த லிம்ப் போல்ட்டைத் தளர்த்தினார். தொழில் பழக்கத்தில் சுற்றை எண்ணினேன். எட்டரை. மகளிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். இவள் வில்லை நேராக நீட்டி இழுக்க முடியாமல் மேலே கூரையைப் பார்க்கத் தூக்கி, இடுப்பை வளைத்து, உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுத்தாள். அவர் பின்னால் நின்று முழங்கையைத் தாங்கிக்கொண்டார். “பாத்தீங்களா, இழுத்துருச்சு! போகப் போகப் பழகிரும்.” நான் கை தட்டினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. பிள்ளை வானத்தைப் பார்த்து இழுத்தால் அந்த வில் அதற்கு மிஞ்சிய வில். எந்தப் பயிற்சியாளரும் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே இடது முன்னங்கையில் நாண் அடித்து நாவல்பழ நிறத்தில் கன்றிப்போனது. மூன்றாவது வாரம் வலது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. ஆறு வாரம் எதையும் இழுக்கக் கூடாது, வளர்கிற எலும்பு, விளையாடாதீர்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். கடைக்குப் போன் போட்டேன். “பாப்பாவுக்கு ஸ்ட்ரென்த் பத்தல சார். தண்டால் எடுக்கச் சொல்லுங்க.”

அன்றைக்குத்தான் புத்தி வந்தது. பட்டறைக்கு வில்லைக் கொண்டுபோய் வைஸில் துணி சுற்றிப் பிடித்து, கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். முள் 17 கிலோ வரை போய் நின்றது. ஒரு பவுண்டு 454 கிராம் என்று போட்டால் 37 பவுண்டு. அவர் சொன்ன 25 பவுண்டு என்றால் பதினொன்றேகால் கிலோதான் காட்டியிருக்க வேண்டும். (இப்படி இழுத்ததற்குப் பயிற்சியாளரிடம் பிறகு நன்றாகத் திட்டு வாங்கினேன். அவ்வளவு தளர்ந்த போல்ட்டோடு இழுத்தால் லிம்ப் இருக்கையைவிட்டுத் தெறித்து முகத்தில் அடிக்கலாம். நீங்கள் செய்யாதீர்கள். கையில் பிடிக்கிற வில் தராசு பயிற்சிக்கூடங்களில் இருக்கும்.)

லிம்ப்பில் கடையின் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. ஹேர் டிரையர் காட்டி உரித்தேன். அடியில் 50–60 என்று அச்சடித்திருந்தது. அந்த வில்லைத் தயாரித்தவர்கள் கணக்குப்படி 50 பவுண்டுக்குக் கீழே இறக்கவே கூடாது. அந்த மாடலின் கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்ததில், போல்ட்டைத் தளர்த்த அனுமதித்ததைவிட மூன்று சுற்றுக்கு மேல் தளர்த்தியிருந்தார்.

எடை ஒரு பக்கம். அதைவிட மோசமானது நீளம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாப் பெற்றோரும் கோட்டைவிடுகிறோம்.

காம்பவுண்ட் வில்லின் முனையில் இருக்கும் கேம் என்பது மையம் தள்ளிப் போட்ட கப்பி. இழுக்கத் தொடங்கும்போது எடை ஏறும், உச்சத்துக்குப் போகும், கேம் புரண்டதும் சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்துக்குப் பெயர் லெட்-ஆஃப். என்னிடம் விற்ற வில்லில் 80 சதவீதம். “25 பவுண்டுல 80 சதவீதம் போயிரும், பாப்பா கையில நிக்கிறது அஞ்சு பவுண்டுதான், ஸ்கூல் பேக்கவிடக் கம்மி” என்று அவர் சொன்னது இதை வைத்துத்தான். ஆனால் அந்தச் சலுகை கேம் முழுதாகப் புரண்ட பிறகுதான் கிடைக்கும். கேம் எங்கே புரளும் என்பதை டிரா லெங்த், அதாவது நாணைப் பின்னால் இழுக்கும் நீளம், முடிவு செய்கிறது. என் வில்லுக்கு அது 27 அங்குலம், குறைத்தாலும் 26. என் மகளுக்கோ 22. அதாவது அவள் கை முழுதாக இழுத்து முடிந்தபோது வில் பாதி வழியில்தான் இருந்தது, ஏறக்குறைய உச்ச எடையில். அந்த எடையைச் சுமந்துகொண்டு, நடுங்கிக்கொண்டு, குறி பார்த்தாள். கேமைப் புரட்ட வேண்டுமென்றால் உடம்பைப் பின்னால் சாய்த்து, முழங்கையை உள்பக்கம் திருப்பி எக்க வேண்டும். அப்படி எக்கியதில்தான் நாண் முன்னங்கையில் அடித்தது. பிள்ளைக்கு பலம் போதாது என்று நாங்கள் மூன்று வாரம் பேசிக்கொண்டிருந்தோம். மிச்சமிருந்த ஐந்து அங்குலத்தை எந்தத் தண்டாலும் நீட்டாது.

22 என்று எப்படித் தெரியும்? பிள்ளையைச் சுவரில் முதுகு ஒட்டி நிற்க வைத்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை டேப் பிடியுங்கள். வலிந்து நீட்ட வேண்டாம். வந்த அங்குலத்தை இரண்டரையால் வகுத்தால் ஓரளவு சரியான டிரா லெங்த் வந்துவிடும். என் மகளுக்கு 139 செ.மீ., அதாவது ஐம்பத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவான அங்குலம். வகுத்தால் 22. இரண்டு நிமிஷ வேலை. கடையில் டேப்பே எடுக்கவில்லை.

ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்புகிற கண், எது என்றும் பார்க்கவில்லை. வலதுகைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இடது கண் ஆதிக்கமாக இருந்தால் எந்தக் கை வில் வாங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். இவளுக்கு இரண்டும் வலது. அதில் மட்டும் தப்பித்தோம்.

அம்புக்கு வருகிறேன். ஆறு கார்பன் அம்பு கொடுத்தார், மேலே 340 என்று போட்டிருந்தது. அது அம்பின் விறைப்பைச் சொல்லும் எண். 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.340 அங்குலம் வளைகிறது என்று அர்த்தம். (இதைத் தெரிந்துகொண்டபோது, எங்கள் பட்டறைக் கணக்கு மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.) எண் குறையக் குறைய விறைப்பு கூடும். 340 பெரிய ஆள் 60 பவுண்டு பக்கத்தில் இழுக்கும் வில்லுக்கானது. குழந்தையின் வில்லில் அது கம்பியை எறிவது மாதிரி கோணலாகத்தான் போகும். நாணைப் பிடித்து இழுத்து விடுவிக்க மணிக்கட்டில் கட்டுகிற ரிலீஸ் பட்டையும் பெரியவர்களுடையது, அவள் மணிக்கட்டில் நிற்கவில்லை என்று ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுத் தந்தார்!

தோள் சரியான பிறகு, ஒருவழியாகப் பயிற்சியாளரிடம் போனோம். அவர் அதிகம் பேசவில்லை. கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்ப் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். கேம் சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் பஞ்சு இழை சிக்கியது. நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற விரிசல். “இது புதுசா சார்?” என்றார். புதுசு என்றுதான் விற்றார்கள் என்றேன். லிம்ப் போல்ட்டைக் காட்டினார். ஆலன் தலையின் ஆறு மூலையும் மழுங்கியிருந்தது. புது போல்ட் அப்படி இருக்காது. தினமும் நூறு போல்ட்டைக் கையில் எடுப்பவன் நான். என் கண்ணுக்கு முன்னால்தான் அந்த ஆள் எட்டரைச் சுற்று சுற்றினார். சுற்றை எண்ணினேனே தவிர தலையைப் பார்க்கவில்லை.

பத்து வயதில் தொடங்குகிற பிள்ளைக்கு 10 முதல் 15 பவுண்டே தாராளம் என்கிறார் பயிற்சியாளர். வளரும் பிள்ளைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கவே வில்கள் இருக்கின்றன. பேர் க்ரூசர் ஜி2 5 முதல் 70 பவுண்டு வரையும் 12 முதல் 30 அங்குலம் வரையும் போகும். டைமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோவும் ஏறக்குறைய அப்படித்தான். அமெரிக்கப் பள்ளிகளில் கொடுக்கும் ஜெனிசிஸ் வில்லுக்கு லெட்-ஆஃபே கிடையாது. 10 முதல் 20 பவுண்டு, 15 முதல் 30 அங்குலம், எந்தப் பிள்ளை எடுத்தாலும் இழுக்கலாம். எனக்கென்னவோ முதல் வில்லாக அதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் என் மகளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்தக் கடையில் ஓரமாகத் தொங்கிய ‘பொம்மை’யும் இப்படி மாற்றக்கூடிய வகைதான் என்று இப்போது புரிகிறது. விலை பாதி.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “செட்டிங் பண்ணின பொருளை எடுக்க மாட்டோம்” என்றார். சத்தம் போட்டதும் 18,000-க்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பில் கேட்டபோதுதான் கையில் இருந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு என்பதையே கவனித்தேன். ஜிஎஸ்டி எண் இல்லை, வில்லின் சீரியல் நம்பர் இல்லை. ஜிஎஸ்டி மிச்சம் என்று சொல்லி அந்தச் சீட்டைத் தந்தபோது சந்தோஷமாக வாங்கிக்கொண்டவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், புகாரைப் பதிந்துகொண்டார்கள். யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவும், “25 பவுண்டுக்கு செட் பண்ணியாச்சு” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்பதால் அடுத்து அங்கே போகிறேன்.

மகள் இப்போது பயிற்சிக்கூடத்தின் பழைய வில்லில் விடுகிறாள். 14 பவுண்டு, 22 அங்குலம், பத்து மீட்டர் தூரம். வில்லை நேராக நீட்டி இழுக்கிறாள், கூரையைப் பார்ப்பதில்லை.

46,000 ரூபாய் வில் சாட்சிப் பொருளாக லாஃப்டில் இருக்கிறது. அம்பையும் ரிலீஸையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பொங்கலுக்கு அக்கா பிள்ளைகள் வருகிறார்கள். அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்துவிட்டால் அந்த வேகம் மொத்தமும் லிம்ப்பில்தான் இறங்கும், ஏற்கெனவே விரிசல் விட்ட லிம்ப் அது. அதனால் நாணில் சிவப்புத் துணி சுற்றி, வில்லைப் பழைய போர்வையில் கட்டி, ‘தொடாதே’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதியது மகள்.