மத்தியச் சட்டமா, மாநிலச் சட்டமா: அமெரிக்காவில் யார் கை ஓங்கும்?

அமெரிக்காவில் ஒரே ஆள் மீது ஒரே நேரத்தில் இரண்டு அரசுகளின் சட்டம் பாயும். பாஸ்போர்ட் வாஷிங்டன் தருவது. டிரைவிங் லைசென்ஸ் மாநிலம் தருவது. அதுவரை சரி. சிக்கல் கஞ்சாவில் தெரியும்: மத்தியச் சட்டம் அதைத் தடுக்கிறது.

ஆனால் கொலராடோ மாநில மக்கள் 2012-இல் வாக்களித்து அதை அனுமதித்தார்கள். 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. 21 வயதான ஒருவர் அங்குள்ள டென்வர் நகரில் அடையாள அட்டையைக் காட்டி, பொட்டலத்தோடு வெளியே வரலாம். அதே பொட்டலத்தோடு ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தால் குற்றம். அது மத்திய அரசின் நிலம். மத்தியச் சட்டத்துக்குப் பயந்து பல வங்கிகள் ஒதுங்குவதால், கடைக்காரர்கள் ரொக்கத்தை வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்கள்.

ஏட்டில் மத்தியச் சட்டம்தான் பெரிது. வீட்டில் வளர்த்த மருத்துவக் கஞ்சாவையும் தடுக்கலாம் என்று 2005-இல் கலிபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மாநிலப் போலீஸை ‘நீ போய்ப் பிடி’ என்று வாஷிங்டன் ஏவ முடியாது. துப்பாக்கி வாங்குவோரைச் சரிபார்ப்பது பற்றிய 1997 தீர்ப்பு அப்படி. ஆகவே அன்றாடத்தில் மாநிலத்தின் கைதான் நீளம் என்பேன்.

உரிமைகளில் கதை வேறு. மக்களின் உரிமைகளைச் சொல்லி 1791-இல் வந்த அரசியல் சட்டத்தின் முதல் பத்துத் திருத்தங்கள் ஆரம்பத்தில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தின. 1868-இல் 14-ஆம் திருத்தம் வந்த அப்புறம்தான், அதுவும் ஒவ்வொன்றாக, மாநிலங்களையும் பிடித்தன. கடுங்குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு மாநில நீதிமன்றத்திலும் அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று ஆனது 1963-இல்தான்.